கென்னடி என்ற தமிழ்ப் பெயர்

குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்களுக்கான புத்தகங்களில் 'கென்னடி'க்கு நேரே 'தலைக்கவசம் அணிந்தவன்' என்று போட்டிருக்கும். 'அவலட்சணமான தலையன்' என்று இன்னொரு பொருளும் உண்டு. புத்தகம் போடுகிறவர்கள் அதை நாசூக்காக விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் ஐரிஷ் மொழியில் ஆதாரம் இருக்கிறது. முன்பாதி தலையைக் குறிக்கும் சொல் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. பின்பாதி கவசமா அவலட்சணமா என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். ஆனால் 1963-க்குப் பிறகு தமிழ்நாட்டில் தன் மகனுக்குக் கென்னடி என்று பெயர் வைத்த தகப்பன் தலையையும் நினைக்கவில்லை, கவசத்தையும் நினைக்கவில்லை. அவர் நினைத்தது டல்லஸ் நகரில் சுடப்பட்டுச் செத்த ஒரு மனிதரை. அப்படியானால் இந்தப் பெயரின் பொருள் எது? ஐரிஷ் அகராதி சொல்வதா, தகப்பன் மனதில் இருந்ததா? இரண்டாவதுதான் பொருள் என்பது என் கட்சி. அதோடு, அயர்லாந்துக் குடும்பப் பெயர் ஒன்று தமிழ்நாட்டில் ஆளின் சொந்தப் பெயராக மாறியதை வெளிநாட்டு மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழர் பெயர் வைக்கும் முறைக்குள்ளேயே அதற்கான இடம் முன்பே இருந்தது. சேத்தூர், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துப் பெயர்களைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் அயர்லாந்துக் கதை. பத்தாம் நூற்றாண்டில் அந்நாட்டின் தென்மேற்கில் கென்னேட்டிக் என்றொரு சிற்றரசன் இருந்தான், 951-இல் இறந்தான். 1014-இல் க்ளான்டார்ஃப் போர்க்களத்தில் உயிர்விட்ட பேரரசன் பிரையன் போரு இவன் மகன். பிரையனின் சகோதரனுக்கு ஒரு பிள்ளை பிறந்தபோது தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். அந்தப் பேரனின் வழிவந்தவர்கள்தான் 'ஓ கென்னடி' ஆனார்கள். 'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மாக்' என்றால் மகன். பெண்ணாக இருந்தால் முன்னொட்டே வேறு. ஆகவே கென்னடி முதலில் ஒரு தனி ஆளின் பெயர். அந்த ஆள் செத்து, அவன் பேரப்பிள்ளைகள் தங்களை அவன் வழியினர் என்று சொல்லிக்கொண்ட பிறகுதான் அது குடும்பப் பெயர். ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப் பெயர் மிக முந்தி வழக்குக்கு வந்த நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலும் கென்னடிகள் உண்டு. அங்கேயும் பேசியது கேலிக் மொழிதான், பெயரும் அதே பெயர்தான். அமெரிக்க ஜனாதிபதியின் கொள்ளுத்தாத்தா பாட்ரிக் கென்னடி, வெக்ஸ்ஃபோர்டு மாவட்டத்தில் டங்கன்ஸ்டவுன் என்ற கிராமத்துக் குடியானவர். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் கப்பலேறி பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். கொள்ளுப்பேரன் ஜனாதிபதியாகி, 1963 ஜூன் மாதம் அந்தக் கிராமத்துக்கே வந்து உறவினர் வீட்டில் தேநீர் குடித்துவிட்டுப் போனார். ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 22 அன்று, அவர் உயிருடன் இல்லை.

இனி நம் பக்கம். தமிழர் பெயர் அமைப்பு, அயர்லாந்துக்காரர் ஒருவர் பார்த்தால் சட்டென்று பிடிபடக்கூடியது. சங்கப் புலவர் ஒருவரை 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று ஏட்டில் எழுதி வைத்தார்கள். ஊர், தகப்பன், ஆள் என்ற வரிசை. 'மாக்' செய்யும் வேலையை 'மகனார்' செய்கிறது. இதே வரிசை சுருங்கிச் சுருங்கி இனிஷியல் ஆனது. சேத்தூரை, பழைய எழுத்துப்படி சேற்றூரை, எடுத்துக்கொள்வோம். அந்த ஜமீனின் ஆதரவில் இருந்த புலவர் குடும்பத்தில் அருணாசலக் கவிராயர், சுப்பிரமணியக் கவிராயர், கந்தசாமிக் கவிராயர் என்று சகோதரர்கள். மூவர் பெயருக்கும் முன்னால் 'மு.ரா.' என்ற இரண்டு எழுத்து நிற்கும். மு என்பது பக்கத்து ஊரான முகவூர். ரா என்பது தகப்பனார் ராமசாமிக் கவிராயர். நக்கீரனாருக்கு மூன்று சொல் பிடித்த செய்தி இங்கே இரண்டு எழுத்தில் அடங்கிவிட்டது. பின்னால் நிற்கும் 'கவிராயர்' தொழிலும் மரபும் சேர்ந்த பட்டம். முன்னால் தகப்பன், நடுவில் ஆள், பின்னால் பட்டம் என்ற மூன்று அறை கொண்ட வீடு இது. ஆனால் அயர்லாந்து முறையோடு முக்கியமான ஒரு வேற்றுமை உண்டு. அங்கே 'ஓ கென்னடி' என்று ஒருமுறை நிலைத்துவிட்டால் எத்தனை தலைமுறை ஆனாலும் கென்னடிதான். இங்கே முன்னறையில் இருக்கும் தகப்பன் அடுத்த தலைமுறையில் காலி செய்துவிடுவார். அவர் மகன் அங்கே குடியேறுவார்.

ராஜபாளையத்தில் இந்த அமைப்பு இன்னும் சுவையாகிறது. விஜயநகர காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறிய ராஜுக்களுக்கு உண்மையிலேயே பரம்பரை வீட்டுப் பெயர் உண்டு. தலைமுறை மாறினாலும் மாறாது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜாவின் 'பூ', பூசபாடி என்ற அந்த வீட்டுப் பெயர். ஐரோப்பியருக்குக் கடைசியில் நிற்கும் குடும்பப் பெயர் இங்கே முதல் எழுத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. வெளியே தெரிகிற 'ராஜா'வோ சமூகத்தின் பட்டம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அவரை 'மிஸ்டர் ராஜா' என்று அழைத்திருந்தால் மரியாதை சரி, இலக்கணம் தப்பு. இதில் என் வாதத்துக்கு வேண்டிய செய்தி வேறொன்று. ராஜபாளையத்தில் வாலாக நிற்கும் அதே 'ராஜா', தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் எந்தச் சாதிக்காரரும் பிள்ளைக்கு வைக்கும் தலைப்பெயர். பட்டம் நகர்ந்து பெயரின் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. யாரும் இதை விநோதமாகப் பார்ப்பதில்லை.

இது ஒன்று மட்டும் என்றால் தற்செயல் எனலாம். ஆனால் இந்தத் தென்சீமை முழுக்க இதே நகர்வுதான். சேத்தூர் ஜமீன் வழியில் திரும்பத் திரும்ப வரும் பெயர் சேவுகப் பாண்டியத் தேவர். அதிலுள்ள 'பாண்டியன்' ஒரு காலத்தில் மதுரை அரச குலத்தின் பெயர். அரசு போன பின்பு பாளையக்காரர்கள் அதைப் பட்டமாகப் பூண்டார்கள். இன்று மளிகைக் கடைக்காரர் முதல் கலெக்டர் வரை யாருக்கும் அது சொந்தப் பெயர். 'சேதுபதி' ராமநாதபுரத்து அரசர்களின் பட்டம். ராஜபாளையத்தில் பிறந்த நடிகர் விஜய் சேதுபதிக்கு அது பெயரின் பகுதி. 'கட்டபொம்மன்' இன்னும் நேரான சான்று. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர்களில் ஒருவருக்கு மட்டும் உரிய பெயரல்ல அது, பரம்பரை முழுவதற்கும் பொது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் தூக்கிலிடப்பட்டவரின் தகப்பனாரும் கட்டபொம்மன்தான். ஐரோப்பியக் கணக்கில் சொன்னால் அசல் குடும்பப் பெயர். 1959-இல் சிவாஜி கணேசன் படம் வந்தபிறகு தமிழ்நாடெங்கும் அது ஒற்றை மனிதரின் பெயராகவே ஒலித்தது, பிள்ளைகளுக்குப் பெயராகவும் வந்தது. எட்டயபுரத்தில் சுப்பிரமணியனுக்குச் சிறுவயதில் கிடைத்த 'பாரதி' என்ற பட்டம் இன்று ஆணுக்கும் பெண்ணுக்கும் பெயர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோதை பெற்ற சிறப்புப் பெயர் 'ஆண்டாள்'. பெயர் வைக்கிற பாட்டிமார் அந்தச் சொல்லைப் பிரித்துப் பொருள் பார்ப்பதில்லை, கோவிலில் நிற்கும் அந்தப் பெண்ணையே பேத்திக்கு வைக்கிறார்கள்.

இந்த நகர்வு இருபதாம் நூற்றாண்டில் வேகம் பிடித்ததற்கு ஓர் அரசியல் காரணமும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சௌந்தரபாண்டியன் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் வந்தது. மேடையிலேயே பலர் வாலை நறுக்கினார்கள். மூன்று அறை வீட்டில் பின்னறை இடிக்கப்பட்டுவிட்டது. முன்னறையில் தகப்பனுக்கு ஓர் எழுத்து. மிச்சம் நடுவறை ஒன்றே. அயர்லாந்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆங்கிலேய ஆட்சியில் 'ஓ'வும் 'மாக்'கும் பல குடும்பங்களில் உதிர்ந்துபோயின. ஓ கென்னடி வெறும் கென்னடி ஆனது அப்படித்தான். 1893-இல் தொடங்கிய கேலிக் சங்கம், உதிர்ந்த முன்னொட்டை மீண்டும் ஒட்டிக்கொள்ளுங்கள் என்று ஊக்கப்படுத்தியது. அவர்களுக்கு அந்த எழுத்து இழந்த மானம். இவர்களுக்கு இந்த வால் ஒழிய வேண்டிய அவமானம். இரண்டுமே சுயமரியாதைதான், திசைதான் வேறு.

நடுவறை ஒன்றே மிஞ்சிய வீட்டுக்கு வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் எந்தப் பெயரோடு வந்து சேருவார்? செய்தித்தாளில் அடிபடும் பெயரோடுதான். தலைப்பில் 'ஜான்' என்று போட்டால் யாருக்கும் புரியாது. 'கென்னடி' என்றால்தான் புரியும். டீக்கடை பெஞ்சில் பேப்பரைச் சத்தம் போட்டு ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்ட காலத்தில், காதில் விழுந்ததும் அதுதான். அது பரம்பரைப் பெயர், ஜான் என்பதுதான் தனிப் பெயர் என்ற பாகுபாட்டைத் தமிழ்க் காது செய்யவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஓர் ஆளுக்கு ஒரு பெயர் என்று பழகியவர்களுக்கு எந்தப் பெயரால் ஆள் அறியப்படுகிறாரோ அதுவே அவர் பெயர். 1961 நவம்பரில் நேரு வாஷிங்டன் போனதும், 1962 மார்ச்சில் ஜாக்குலின் கென்னடி இந்தியா வந்து ஊர் ஊராகச் சுற்றியதும், அதே ஆண்டு சீனச் சண்டையில் அமெரிக்க உதவி வந்ததும் இந்தப் பெயரை வீடுதோறும் பழக்கமாக்கின. கொலைச் செய்தி அதைக் கண்ணீரோடு நிறுத்தியது. இளவயது, அழகான மனைவி, சின்னஞ்சிறு பிள்ளைகள், அகால மரணம்: நம் ஊரில் ஒருவர் தெய்வமாவதற்கு இதற்குமேல் தகுதி வேண்டியதில்லை. நடிகர் விக்ரம் 1966-இல் பிறந்தபோது வைத்த பெயர் கென்னடி. தகப்பனார் பெயர் ஜான் விக்டர். பின்னாளில் தன் திரைப்பெயரை எழுத்தெழுத்தாகக் கோத்தபோது 'வி'யைத் தகப்பனாரிடமிருந்தும், 'க்'கைக் கென்னடியிலிருந்தும் எடுத்தார் என்று சொல்வார்கள். அயர்லாந்துச் சிற்றரசனின் தலைக்கவசத்தில் ஒரு துண்டு, விக்ரமன் என்ற வடநாட்டு அரசன் பெயருக்குள் ஒட்டிக்கொண்டது.

கென்னடி இவ்வழியில் தனியாக வரவில்லை. காந்தி, நேரு, போஸ், தாகூர் எல்லாமே அவரவர் மண்ணில் குடும்பப் பெயர்கள். தமிழ்நாட்டில் முழுப் பெயர்கள். காந்தி என்றால் குஜராத்தில் மளிகை வியாபாரி. நேரு என்பது கால்வாய் ஓரம் வீடு இருந்ததால் வந்த பெயர் என்பது அக்குடும்பத்தின் மரபு. தாகூர், 'டாக்குர்' என்ற மேல்தட்டு மரியாதைச் சொல்லின் ஆங்கிலத் திரிபு. திருச்சியில் அரசியல்வாதி கே.என். நேருவும், விருதுநகர் எம்.பி. மாணிக்கம் தாகூரும் கால்வாயையும் பிரபுத்துவத்தையும் சுமந்து திரியவில்லை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தன் சாதி வாலை மேடையில் வெட்டிப் போட்டவர், வீட்டுக்கு வந்து வங்காளத்துக் காயஸ்தரின் வாலான 'போஸ்' என்பதை மகனுக்குத் தலையாக வைத்தார். அவருக்கு அது சாதி என்று தெரியாது; தெரிந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டார். ஸ்டாலின் கதை ஊரறிந்தது: 1953 மார்ச் 1-இல் கருணாநிதிக்கு மகன் பிறந்தான், 5-இல் சோவியத் தலைவர் இறந்தார். அந்தத் தலைவரும் பிறக்கும்போது ஸ்டாலின் அல்ல, ஜுகாஷ்விலி. எஃகைக் குறிக்கும் புனைபெயர் குடும்பப் பெயராகி, சென்னைக்கு வந்து தலைப்பெயரானது. கென்னடிக்கும் ஸ்டாலினுக்கும் அரசியலில் ஜென்மப் பகை. தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் இருவரும் ஒரே தெருவில் சமாதானமாகக் குடியிருக்கிறார்கள்.

கிறித்தவர்களின் பங்கைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கிறித்தவப் பழக்கம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஓரளவு உண்மை. கென்னடி அமெரிக்காவின் முதல் கத்தோலிக்க ஜனாதிபதி. கத்தோலிக்கர் வீடுகளில் அவர் படம் மாட்டப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அங்கேயும் ஒரு தடை இருந்தது. 1917-இன் திருச்சபைச் சட்டத் தொகுப்புப்படி ஞானஸ்நானத்தில் கிறித்தவப் பெயர் இடும்படி பங்குச்சாமியார் பார்த்துக்கொள்ள வேண்டும்; பெற்றோர் கேட்காவிட்டால் ஒரு புனிதர் பெயரைக் கூடச் சேர்த்துவிட வேண்டும். 'ஜான் கென்னடி' என்று முழுசாக வைத்தபோது இந்தச் சிக்கல் தானே தீர்ந்தது. ஜான் பலிபீடத்துக்கு, கென்னடி தெருவுக்கு. நெல்லைச் சீமைப் புராட்டஸ்டண்டுகளிடம் இந்தப் பழக்கம் இன்னும் பழையது. மிஷனரிகளின் குடும்பப் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இடுவது அங்கே நன்றிக்கடன். இடையன்குடியில் அரை நூற்றாண்டு வாழ்ந்த கால்டுவெல், 1814-இல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில், பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். சிவகாசியில் தங்கி ஊழியம் செய்து 1858-இல் அங்கேயே இறந்த ராக்லண்டும் இந்த வட்டாரத்தவருக்குப் பழக்கமான பெயர். டோனாவூரில் வாழ்ந்து 1951-இல் இறந்த ஏமி கார்மைக்கேல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் பிறந்தவர். அவரை எல்லாரும் 'அம்மா' என்றே அழைத்தார்கள். புழக்கத்தில் இருந்த பெயர் எதுவோ அதுதான் நிலைக்கும் என்பதற்கு அது மறுபக்கச் சான்று.

ஆனால் கிறித்தவம் மட்டுமே காரணம் என்றால் கென்னடி, லிங்கன் என்று பெயர் வைத்த இந்து வீடுகளையும், பகுத்தறிவு பேசி இங்கர்சால் என்று வைத்த வீடுகளையும் விளக்க முடியாது. தேனிப் பக்கம் முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக்கின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்கும் விவசாயிகளை விளக்கவே முடியாது. 1895-இல் அந்த அணைத் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தது. அதற்காக நன்றி சொல்ல மதம் மாற வேண்டியதில்லை, பெயர் வைத்தால் போதும். பென்னிகுயிக் என்பது எடின்பரோவுக்குத் தெற்கே உள்ள ஓர் ஊரின் பெயர். குயில் கூவும் குன்று என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். லோயர் கேம்பில் அவர் சிலை முன்னால் பொங்கல் வைப்பவர்களிடம் குயிலைப் பற்றிச் சொன்னால் நல்ல செய்தி என்று கேட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தண்ணீர்.

ஓசையையும் கணக்கில் எடுக்க வேண்டும். எல்லா வெளிநாட்டுத் தலைவரும் தமிழ்ப் பெயராகிவிடவில்லை. ஐசன்ஹோவர் 1959 டிசம்பரில் டெல்லிக்கே வந்தார், கூட்டம் திரண்டது. ஆனால் அவர் பெயரைப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் கூப்பிடுவதைக் கற்பனை செய்வதே கடினம். நிலைத்த பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: லெனின், ஸ்டாலின், லிங்கன், எடிசன், நெல்சன், நெப்போலியன், ரீகன். எல்லாம் 'ன்' என்று முடிகின்றன. முருகன், கண்ணன், பாண்டியன் என்று பழகிய நாக்குக்கு அது ஆண்பால் முடிவு. ரீகனின் மூலம் ஐரிஷ் 'ஓ ரியாகான்'. ஐரிஷில் அந்த 'ஆன்' செல்லமாகக் குறுக்கும் விகுதி. ஆங்கில 'சன்' மகனைக் குறிக்கும் சொல். நெல்சன் என்றால் நீலின் மகன், அந்த நீலும் ஐரிஷ் நியால்தான். வேறுவேறு வேர்கள், தமிழில் வந்து ஒரே ஆண்பால் விகுதிபோல் ஒலிக்கின்றன. ஆயினும் ஓசையை மட்டும் நம்பி வாதாட முடியாது என்று காட்டக் கென்னடியே போதும். 'டி' என்ற முடிவு தமிழில் ஆண் பெயருக்குப் பொருந்தாதது. ஆண்பிள்ளையை அப்படி விளித்தால் சண்டை வரும். 'கண்ணாடி'க்குப் பக்கத்தில் வேறு நிற்கிறது. இருந்தும் நிலைத்தது என்றால், ஓசையின் குறையை ஆளின் புகழ் ஈடுகட்டியது என்றே கொள்ள வேண்டும்.

எதிர்வாதங்களில் கனமானது அமெரிக்காவிலிருந்து வருகிறது. குடும்பப் பெயரைத் தலைப்பெயராக வைப்பது அமெரிக்கர்களுக்கும் வழக்கம். 1783-இல் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்குக்கு அன்றைய படைத்தலைவரின் பெயரைத்தான் வைத்தார்கள். அப்படியிருக்க, தமிழில் ஓர் அறைதான் இருக்கிறது, அதனால்தான் இது நடந்தது என்பது எப்படிப் பொருந்தும்? பொருந்தும் என்றே நினைக்கிறேன்; ஏனென்றால் விளைவு இரண்டு இடத்திலும் ஒன்றாக இல்லை. அங்கே இந்தப் பெயர்கள் ஏற்கெனவே குடும்பப் பெயர் இருக்கும் ஆளுக்குக் கூடுதலாக வருகின்றன. பல சமயம் தாய்வீட்டுப் பெயரைக் காப்பாற்றும் வழியாக. ஜனாதிபதியின் நடுப்பெயரான 'ஃபிட்ஸ்ஜெரால்டு' அவருடைய தாயார் ரோஸின் பிறந்தவீட்டுப் பெயர். இந்தப் பழக்கம் முற்றி, குடும்பப் பெயர் எதுவும் நல்ல ஓசையுள்ள தலைப்பெயர் என்ற நாகரிகமாயிற்று. அதனால் இன்று அமெரிக்காவில் கென்னடி என்று ஒரு குழந்தையைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் பெண்குழந்தை. ரீகனும் அப்படியே பெண்பெயராகிவிட்டது. தமிழ்நாட்டில் கென்னடி ஆண், ரீகன் ஆண். அங்கே பெயர் ஆளை விட்டுக் கழன்று ஓசையாகிவிட்டது, ஓசைக்குப் பால் எப்படியும் மாறும். இங்கே பெயருக்குள் அந்த ஆள் இன்னும் இருக்கிறார். ஜனாதிபதி ஆணாக இருந்ததால் பெயரும் ஆண். பெயர் நினைவாக வந்ததா நாகரிகமாக வந்ததா என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை எனக்குத் தோன்றவில்லை.

இன்னொரு எதிர்ப்பு தமிழ்ப் பற்றாளர்களுடையது. வேதாசலம் மறைமலையான தனித்தமிழ் மரபில் நின்று, தமிழில் பொருள் தராத ஒலியைத் தமிழ்ப் பிள்ளையின் தலையில் கட்டுவது தகுமா என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. அரை நூற்றாண்டாகத் தமிழ்ப் பெயர்கள் மீண்டது அந்தக் கேள்வியால்தான். ஆனால் வேர்ப்பொருளே பெயரின் பொருள் என்ற அவர்களின் அடிப்படையை அவர்களே கடைப்பிடிப்பதில்லை. தமிழ்ப் பற்றுள்ள வீடுகளில் கபிலன் என்ற பெயர் சாதாரணம். அது 'கபில' என்ற, பழுப்பு நிறம் குறிக்கும் வடசொல்லோடு சேர்த்துப் பேசப்படுவது. பெயர் வைத்த புலவர் பழுப்பையா நினைத்தார்? பாரியின் தோழரை நினைத்தார். கபிலனில் சரியான இந்த வழி கென்னடியில் மட்டும் எப்படித் தப்பாகும்? யாரை நினைக்க வேண்டும் என்பதில் வழக்கு இருக்கலாம். அது அரசியல் வழக்கு, மொழி வழக்கல்ல. டல்லஸில் செத்தவருக்குப் பதில் பாரியை நினை என்று சொல்ல அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

இந்தப் பெயரின் பயணத்தில் கடைசிக் கட்டத்தை நடத்துவது பாஸ்போர்ட் அலுவலகம். விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், கொடுத்த பெயருக்கு ஒரு கட்டம். தமிழனுக்கு முதல் கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. காலியாக விட்டால் வெளிநாட்டு விசாவில் இடிக்கும் என்று பயந்து இனிஷியலை விரித்துத் தகப்பன் பெயரை அங்கே எழுதுகிறார்கள். கென்னடியின் மகன் ஊரில் கெ. செந்தில்குமாராக இருந்தால், அமெரிக்காவில் இறங்கும்போது செந்தில்குமார் கென்னடி. அங்கே அவனுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் பள்ளியில் கென்னடிதான் குடும்பப் பெயர். பாஸ்டனில் ஓர் ஆசிரியை வருகைப் பட்டியலைப் பார்த்தால், ஐரிஷ் வீட்டுப் பையன்தான் என்று முடிவு கட்டக்கூடும். தனி ஆளின் பெயர் குடும்பப் பெயராகி, குடும்பப் பெயர் மீண்டும் தனி ஆளின் பெயராகி, கடைசியில் படிவத்தின் கட்டாயத்தால் மறுபடி குடும்பப் பெயராகியிருக்கிறது. அயர்லாந்தில் இந்த முதல் மாற்றத்தைச் செய்தது குலப்பெருமை. நம்மிடம் செய்வது விசா அதிகாரி.

ஊரிலேயே இருப்பவர்களின் கதை வேறு. 1964-ஐ ஒட்டிப் பிறந்த கென்னடிகள் இப்போது அறுபதைத் தாண்டியவர்கள். பேரன் எடுத்த வயது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம். மருமகள் கூகுளில் தேடிய இரண்டெழுத்துப் பெயருக்கும், எண் சோதிடர் குறித்துக் கொடுத்த எழுத்துக்கும் நடுவில் அந்த வழக்கம் இப்போது ஒண்டிக்கொண்டு நிற்கிறது. பல வீடுகளில் தாத்தா பெயரைத் தொட்டிலில் ஒருமுறை சொல்லிவிட்டுப் பிறப்புச் சான்றிதழில் வேறொன்றைப் பதிகிறார்கள். ரீகனுக்கு அந்தச் சோதனை வர இன்னும் ஒரு தலைமுறை இருக்கிறது, கென்னடிக்கு வந்துவிட்டது. இப்போது பிறக்கும் ஒரு பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தால், அமெரிக்க ஜனாதிபதியை நினைத்து யாரும் வைக்க மாட்டார்கள். பஞ்சாலையில் நாற்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாவை நினைத்துத்தான் வைப்பார்கள். பிரையன் போருவின் சகோதரன் தன் மகனுக்குக் கென்னேட்டிக் என்று பெயர் வைத்தபோது அவன் நினைத்ததும் தன் தகப்பனைத்தான்.